கோப்புக்கு ஆயுள் 3 ஆண்டு. ஆபத்துக்கு 30 ஆண்டு: கதிர்வீச்சுச் சிகிச்சைக்குப் பின் வரும் இரண்டாவது புற்றுநோய்

புது தில்லி: நாடாளுமன்றத்தில் புற்றுநோய் குறித்துக் கேள்வி எழாத கூட்டத்தொடர் அரிது. நாட்டில் எத்தனை பேருக்கு இந்நோய் உள்ளது, எந்த மாநிலத்தில் எத்தனை சிகிச்சை மையங்கள் இயங்குகின்றன, இயந்திரங்கள் வாங்க ஒதுக்கப்பட்ட தொகை எவ்வளவு என உறுப்பினர்கள் கேட்பர். சுகாதாரத் துறை அமைச்சர் எழுத்துமூலம் அளிக்கும் பதிலுடன் மாநிலவாரியான அட்டவணை ஒன்றும் இணைக்கப்பட்டிருக்கும். 2022-ஆம் ஆண்டில் நாட்டில் புதிதாகப் புற்றுநோய்க்கு ஆளானவர்கள் 14.61 லட்சம் பேர் என்ற இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) மதிப்பீடு இரு அவைகளிலும் பலமுறை வாசிக்கப்பட்டுவிட்டது.

சிகிச்சை முடிந்து, குணமாகி, வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர், பத்து இருபது ஆண்டுகள் கழித்து அவர்களின் உடல்நிலை என்ன என்பதற்கு மட்டும் அந்த அட்டவணைகளில் கட்டம் கிடையாது. அந்தக் கட்டம் இருந்திருந்தால் அதில் நிரப்ப வேண்டிய முதல் விவரம், நோயைத் தீர்த்த கதிர்வீச்சே காலம் கடந்து இன்னொரு புற்றுநோய்க்குக் காரணமாகிறதா என்பதாக இருக்கும்.

புற்றுநோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குச் சிகிச்சையின் ஏதேனும் ஒரு கட்டத்தில் கதிர்வீச்சு தேவைப்படுகிறது. புற்றுநோய் செல்களைக் கொல்லும் அதே கதிர், வழியில் உள்ள நல்ல செல்களின் டி.என்.ஏ.விலும் முறிவுகளை ஏற்படுத்துகிறது. பெரும்பாலான முறிவுகளை உடலே சரிசெய்துகொள்ளும். சரிசெய்ய முடியாத செல்கள் மடியும். தவறாகச் சரிசெய்யப்பட்டு, மடியாமலும் தப்பிவிடும் ஒருசில செல்களே பின்னாளில் வினையாகின்றன. ரத்தப் புற்றுநோயானால் சில ஆண்டுகளிலேயே தலைகாட்டும். மார்பகம், நுரையீரல், தைராய்டு, குடல் போன்ற உறுப்புகளில் கட்டியாக உருவெடுக்கப் பத்து ஆண்டுகள் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகள் வரை ஆகலாம்.

கதிரின் அளவு கூடக் கூட ஆபத்தும் கூடும் என்பதுதான் பொது விதி. ஆனால் தைராய்டு சுரப்பியில் சுமார் 20 கிரே (கதிரின் அளவைக் குறிக்கும் அலகு) வரை ஆபத்து ஏறி, அதற்கு மேல் இறங்குகிறது. மிக அதிகக் கதிர், சேதமடைந்த செல்களை மிச்சம் வைக்காமல் கொன்றுவிடுவதே இதற்குக் காரணம் என விளக்கப்படுகிறது. குறிவைத்த இடத்தைவிட அதன் ஓரத்தில், பாதிக் கதிர் பட்ட உறுப்புகளிலும் மருத்துவர்கள் கவனம் வைப்பது இதனால்தான்.

ஆபத்து எவ்வளவு?: இதைப் படிக்கும் நோயாளி எவரும் அச்சமடைந்து சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்காவில் ஐந்தாண்டுகளுக்கு மேல் உயிர் வாழ்ந்த 6,47,672 வயதுவந்த புற்றுநோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து 2011-இல் 'லான்செட் ஆங்காலஜி' இதழில் வெளியான ஆய்வின்படி, அவர்களில் 9 சதவீதம் பேருக்கு இரண்டாவதாக ஒரு கட்டிப் புற்றுநோய் வந்தது. ஆனால் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்களுக்கு வந்த இரண்டாவது புற்றுநோய்களில் கதிரின் மீது பழி சுமத்தத் தக்கவை சுமார் 8 சதவீதம்தான். கதிர்வீச்சு பெற்ற 1,000 பேரில், 15 ஆண்டுகளில் கூடுதலாக 5 பேர் என்பது அந்த ஆய்வின் கணக்கு. மற்றவற்றுக்கு வயது, புகை, பரம்பரை உள்ளிட்ட பிற காரணங்கள் உள்ளன.

தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். மார்பகத்தை அகற்றாமல் கட்டியை மட்டும் நீக்கிக்கொண்ட 10,801 பெண்கள் பங்கேற்ற 17 ஆய்வுகளைத் தொகுத்து 2011-இல் வெளியான முடிவின்படி, பத்து ஆண்டுகளுக்குள் நோய் திரும்பியவர்களின் விகிதம் கதிர்வீச்சு பெறாதோரில் 35 சதவீதம், பெற்றோரில் 19.3 சதவீதம். பதினைந்து ஆண்டுகளில் மார்பகப் புற்றுநோயால் நேர்ந்த மரணங்களும் 25.2 சதவீதத்திலிருந்து 21.4 ஆகக் குறைந்தன. ஆயிரத்துக்கு ஐவர் என்ற ஆபத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எந்தத் தட்டு தாழும் என்பதில் ஐயமில்லை.

புகைபிடிப்போர் விஷயத்தில் மட்டும் தராசு சற்று ஆடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு பெறும் பெண், புகைப் பழக்கம் இல்லாதவராக இருந்தால், அதன் விளைவாக நுரையீரல் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 0.3 சதவீதம். நீண்ட காலம் புகைபிடித்து, அதைத் தொடர்பவராக இருந்தால் 4 சதவீதம் என 2017-இல் ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பீடியும் ஹூக்காவும் பெண்களிடையேயும் புழங்கும் வட மாநில கிராமங்களில் கதிர்வீச்சுப் பிரிவின் வாசலில் எழுதி ஒட்ட வேண்டிய எண்கள் இவை.

அறிவியல் எப்போது அறிந்தது?: இந்த ஆபத்து புதிதாகக் கண்டறியப்பட்டதன்று. எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்ட 1895-க்கு ஏழாண்டுகள் கழித்து, 1902-லேயே கதிரால் தோலில் உண்டான புற்றுநோய் ஜெர்மனியில் பதிவாகிவிட்டது. கதிர் பட்ட எலும்பில் தோன்றும் கட்டியைக் கதிரின் விளைவு என்று எப்போது சொல்லலாம் என்பதற்கு அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் கஹன் 1948-இல் வகுத்த நிபந்தனைகள், சிறு மாற்றங்களுடன் இன்றளவும் மேற்கோள் காட்டப்படுகின்றன. முதுகுத்தண்டு இறுக்க நோய்க்குக் கதிர்வீச்சு பெற்ற சுமார் 13,000 பேரைப் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் கோர்ட் பிரௌனும் ரிச்சர்ட் டாலும், அவர்களிடையே ரத்தப் புற்றுநோய் மிகுந்திருப்பதை 1957-இல் வெளியிட்டனர்.

அதே ஆண்டுகளில் இஸ்ரேலில் நடந்தது இன்னும் கசப்பானது. புதிதாகக் குடியேறிய குடும்பங்களின் குழந்தைகளுக்குத் தலையில் படர்தாமரை இருந்தால், 1948 முதல் 1960 வரை எக்ஸ்ரே கதிர் பாய்ச்சி முடியை உதிரச் செய்து குணப்படுத்தினர். அவர்களில் பெரும்பாலோர் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் மேற்காசியாவிலிருந்தும் வந்தவர்கள். பின்னாளில் இத்தகைய சுமார் 11,000 பேரின் பதிவுகளைத் தேடி எடுத்து ஆராய்ந்தபோது, மூளையுறைக் கட்டிகளும் தைராய்டு புற்றுநோயும் மற்றவர்களைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பது உறுதியானது. விவகாரம் அரசியலானது. 1994-இல் இஸ்ரேல் நாடாளுமன்றம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கத் தனிச் சட்டமே இயற்றியது. கோப்புகள் அழியாமல் இருந்ததால்தான் ஆய்வும் நடந்தது, சட்டமும் வந்தது என்பதை இங்கே அடிக்கோடிட்டுக் கொள்ளலாம்.

வயதுதான் விதி: ஆயிரத்துக்கு ஐவர் என்ற சராசரி, வளர்ந்தவர்களுக்கானது. குழந்தைகளும் இளம் பெண்களும் அந்தச் சராசரிக்குள் அடங்க மாட்டார்கள். வளரும் உறுப்புகளில் செல்கள் வேகமாகப் பெருகுவதாலும், அவர்களுக்கு முன்னே நீண்ட ஆயுள் இருப்பதாலும் ஆபத்து கூடுகிறது.

இதற்குப் பெரிய சான்று 'ஹாட்ஜ்கின் லிம்போமா' எனப்படும் நிணநீர்ப் புற்றுநோய். பெரும்பாலும் இளைஞர்களைத் தாக்கும் இந்நோய், கழுத்து, அக்குள், மார்பு ஆகியவற்றை ஒருசேர மூடும் வகையில் 40 கிரே அளவில் கதிர் பாய்ச்சும் முறை வந்த பிறகே குணப்படுத்தத் தக்கதாயிற்று. மருத்துவ உலகம் பெருமையுடன் சொல்லிக்கொண்ட வெற்றி அது. நெதர்லாந்தில் 1965 முதல் 2000 வரை இந்நோய்க்குச் சிகிச்சை பெற்று, ஐந்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்த 3,905 பேரைப் பற்றிய ஆய்வு 2015-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியானது. நாற்பது ஆண்டு முடிவில் அவர்களில் 48.5 சதவீதம் பேருக்கு இன்னொரு புற்றுநோய் வந்திருந்தது. அதே வயதுடைய பொதுமக்களில் இந்த விகிதம் 19 சதவீதம். 1990-களில் சிகிச்சை பெற்றவர்களுக்கு, 1960-களில் பெற்றவர்களைவிட ஆபத்து குறைந்திருக்கும் என்ற எதிர்பார்ப்பையும் அந்த ஆய்வு பொய்யாக்கியது.

சிறு வயதில் மார்புப் பகுதியில் கதிர் பெற்ற பெண்களில் 30 சதவீதம் பேருக்கு ஐம்பது வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவதாக 2014-இல் வெளியான அமெரிக்க ஆய்வு கூறுகிறது. பரம்பரையாக வரும் 'பி.ஆர்.சி.ஏ.-1' மரபணுக் குறைபாடு உடையவர்களின் ஆபத்துக்கு ஏறத்தாழ இது சமம். மரபணுக் குறைபாடு இருப்பதாகத் தெரிந்தால் குடும்பமே கவலைகொள்கிறது. பதினைந்து வயதில் கதிர்வீச்சு பெற்ற பெண்ணோ, தனக்கு அதே அளவு ஆபத்து உள்ளதென்பதை அறியாமலே முப்பதைக் கடக்கிறாள்.

விழித்திரைப் புற்றுநோயான 'ரெட்டினோபிளாஸ்டோமா' இந்தியாவுக்கு மிகவும் தொடர்புடையது. உலகில் இந்நோய்க்கு ஆளாகும் குழந்தைகள் மிகுந்த நாடுகளில் ஒன்று இந்தியா. ஆண்டுக்கு ஏறத்தாழ 1,500 பேர் என்பது மதிப்பீடு. பரம்பரை வகையைச் சேர்ந்த நோயாளிகளில், கதிர்வீச்சு பெற்றோரில் 38 சதவீதத்தினருக்கும் பெறாதோரில் 21 சதவீதத்தினருக்கும் ஐம்பது ஆண்டுகளில் வேறொரு புற்றுநோய் வந்ததாக அமெரிக்க ஆய்வு காட்டியது. 1990-கள் தொடங்கி கண் மருத்துவர்கள் கதிரைக் கைவிட்டு, மருந்தாலும் லேசராலும் கட்டியைச் சுருக்கும் வழிக்குத் திரும்பியதற்கு இந்த அனுபவமே காரணம்.

கருப்பைவாய்ப் புற்றுநோய் வேறு வகை. இந்தியப் பெண்களிடையே மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்த இடத்தில் உள்ள இந்நோய்க்கு, முற்றிய நிலையில் வருவோர் அதிகம் என்பதால், கதிர்வீச்சே முதன்மைச் சிகிச்சை. பல நாடுகளின் பதிவேடுகளை இணைத்து 1.8 லட்சம் பெண்களை ஆராய்ந்த 1985-ஆம் ஆண்டு ஆய்வில், சிறுநீர்ப்பை, மலக்குடல் ஆகியவற்றில் புற்றுநோய் சற்றே மிகுவது தெரியவந்தது. ஐம்பது வயதில் சிகிச்சை பெறும் பெண்ணுக்கு இது பெரிய ஆபத்தன்று. ஆனால் அறுபத்தைந்து வயதில் சிறுநீரில் ரத்தம் கண்டால், "வயதாகிவிட்டது" என்று தள்ளிப் போடாமல் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று அவரிடமோ அவர் மகனிடமோ யாரேனும் சொல்லியிருக்க வேண்டும்.

மூன்று ஆண்டு விதி: இந்தியாவில் சிக்கல் தொடங்கும் இடம் மருத்துவமனைகளின் பதிவறை. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-இல் வெளியிட்ட நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிகளின் மருத்துவப் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் பாதுகாத்தால் போதும். தேசிய மருத்துவ ஆணையம் 2023 ஆகஸ்டில் புதிய விதிகளை அறிவித்தது. அதே மாதம் அவற்றை நிறுத்தியும் வைத்தது. ஆகவே பழைய விதியே தொடர்ந்தது. பெரிய நிறுவனங்கள் தாமாகவே நெடுங்காலம் கோப்புகளைப் பாதுகாக்கின்றன என்பது உண்மை. சட்டம் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பதும் உண்மை.

இரண்டாவது புற்றுநோய் தலைகாட்டப் பத்தாண்டுகளாவது ஆகும் என்னும்போது, மூன்றாம் ஆண்டே கோப்பைக் கழித்துக்கட்ட அனுமதிக்கும் விதி யாருடைய வசதிக்காக வகுக்கப்பட்டது? மார்பில் எந்தப் பகுதியில், எத்தனை கிரே, எத்தனை தவணைகளில் கதிர் செலுத்தப்பட்டது என்ற விவரம் இல்லாவிட்டால், இருபதாண்டுகள் கழித்து அந்தப் பெண்ணைப் பரிசோதிக்கும் மருத்துவரால் ஆபத்தை மதிப்பிட இயலாது.

இதே கதிர்வீச்சு அறையில் பணிபுரியும் தொழில்நுட்பரின் நிலை முற்றிலும் வேறு. அவர் மார்பில் அணியும் சிறு பட்டை, அவர் உடலில் படும் கதிரை அளக்கிறது. ஐந்தாண்டுகளில் 100 மில்லிசீவர்ட், எந்தவோர் ஆண்டிலும் 30 மில்லிசீவர்ட் என்ற வரம்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் விதித்துள்ளது. அவர் பணியிடம் மாறினாலும் அவரது கதிர்க் கணக்கு பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேசியப் பதிவேட்டில் தொடர்கிறது. அந்த வரம்பைவிடப் பன்மடங்கு கதிரை, நோயின் தேவை கருதி, உடலில் ஏற்ற நோயாளிக்கு அப்படியொரு தேசியப் பதிவேடு கிடையாது.

நாடாளுமன்றம் இதுவரை கவலைப்பட்டதும் இயந்திரங்களைப் பற்றித்தான். நாட்டில் உள்ள 57,443 மருத்துவ எக்ஸ்ரே நிலையங்களில் 52,173 நிலையங்கள் வாரியத்தில் பதிவு செய்யாமலே இயங்குவதாகத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2012-இல் அம்பலப்படுத்தினார். முரளி மனோகர் ஜோஷி தலைமையிலான பொதுக் கணக்குக் குழு 2013 இறுதியில் அளித்த அறிக்கையிலும் வாரியத்தின் பலவீனங்கள் அலசப்பட்டன. அதற்கு முன்பே, 2010-இல் தில்லி மாயாபுரியில் பழைய இரும்புக் கடைக்கு வந்த கோபால்ட் கதிரியக்கப் பொருள் ஓர் உயிரைப் பலிகொண்டிருந்தது. வாரியத்துக்கு மாற்றாகத் தன்னாட்சி பெற்ற ஆணையம் அமைக்க 2011-இல் கொண்டுவந்த மசோதா, 2014-இல் பதினைந்தாவது மக்களவையுடன் காலாவதியானது. 2025 டிசம்பரில் நிறைவேறிய புதிய அணுசக்திச் சட்டம்தான் வாரியத்துக்குச் சட்டபூர்வத் தகுதியை வழங்கியது. இடைப்பட்ட காலத்தில் வாரியம் இணையவழி உரிம முறையைக் கொண்டுவந்ததால், எந்த ஊரில் எந்த இயந்திரம் யார் பொறுப்பில் உள்ளது என்பது இன்று பதிவாகிறது. அந்த இயந்திரத்தின் கீழ் படுத்து எழுந்தவர்களைப் பின்தொடர்வது அதன் வேலை அல்ல. சுகாதார அமைச்சகமும் அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளவில்லை.

பதிவேடுகளின் எல்லை: தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டுத் திட்டம் 1981-இல் தொடங்கப்பட்டது. மும்பை, பெங்களூர், சென்னை ஆகிய நகரங்களின் பதிவேடுகள் அதன் முதல் தூண்கள். சென்னையில் அந்தப் பொறுப்பை அடையாறு புற்றுநோய் மையம் ஏற்றது. நாற்பதாண்டுகளுக்குப் பிறகும் மக்கள்தொகை சார்ந்த பதிவேடுகள் நாட்டு மக்களில் ஐந்தில் ஒரு பங்கினரைக்கூட எட்டவில்லை. எட்டிய இடங்களிலும், இந்த ஆண்டு நுரையீரல் புற்றுநோயாளியாகப் பதிவாகும் ஒருவர் இருபதாண்டுகளுக்கு முன் வேறொரு மாநிலத்தில் மார்பில் கதிர் பெற்றவர் என்பதைக் கண்டுகொள்ளும் இணைப்பு இல்லை.

நோயாளிகள் மாநிலம் விட்டு மாநிலம் அலைவதே நமது நாட்டின் வழக்கம். பிகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களிலிருந்தும் வருவோர் தில்லி எய்ம்ஸ் வாசல் நடைபாதையில் படுத்துக்கிடந்து சிகிச்சை பெறுகின்றனர். வட கிழக்கிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் மும்பை டாடா நினைவு மருத்துவமனைக்கும் வேலூருக்கும் செல்வோர் ஏராளம். பஞ்சாபின் மால்வா பகுதியிலிருந்து ராஜஸ்தானின் பிகானீருக்கு நோயாளிகளைச் சுமந்து சென்ற பயணிகள் ரயிலுக்குப் 'புற்றுநோய் ரயில்' என்றே பெயர் ஏற்பட்டது. சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரின் கோப்பு பிகானீரில் இருக்கும். அவர் பதிண்டாவில் இருப்பார். அடுத்த நோய் வரும்போது அவர் போவது மூன்றாவதாக ஓர் ஊருக்கு.

இதனுடன் குடும்பங்களின் மௌனமும் சேர்ந்துகொள்கிறது. சிறுமியாக இருந்தபோது புற்றுநோய் வந்து குணமானதை, வரன் தேடும் வேளையில் பெற்றோர் மறைத்துவிடுகின்றனர். மருத்துவமனைத் தாள்கள் கொளுத்தப்படுகின்றன அல்லது பரணில் ஏறுகின்றன. புகுந்த வீட்டுக்குத் தெரியாது; பிரசவம் பார்க்கும் மருத்துவருக்கும் தெரியாது. பெற்றோரைக் குறை கூறிப் பயனில்லை. உண்மையைச் சொன்ன பெண்ணுக்கு இந்தச் சமூகம் என்ன மரியாதை தந்தது என்பது அவர்களுக்குத் தெரியும்.

தேடிப் போன நாடுகள்: பதிவு இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்கு முன்னுதாரணங்கள் உள்ளன. டான்சில் வீக்கம் போன்ற சாதாரணக் கோளாறுகளுக்குச் சிறு வயதில் கதிர் பெற்ற ஆயிரக்கணக்கான பழைய நோயாளிகளைச் சிகாகோவின் மைக்கேல் ரீஸ் மருத்துவமனை 1974-இல் தேடிக் கண்டுபிடித்து, தைராய்டு பரிசோதனைக்கு அழைத்தது. பிரிட்டனில், முப்பத்தாறு வயதுக்கு முன் ஹாட்ஜ்கின் நோய்க்காக மார்புப் பகுதியில் கதிர் பெற்ற பெண்கள் அனைவரையும் கண்டறிந்து, ஆபத்தை எடுத்துச் சொல்லிப் பரிசோதனைக்கு அழைக்கும் திட்டத்தை அரசின் சுகாதாரத் துறையே 2003-இல் தொடங்கியது. அங்கும் விடுபட்டவர்கள் இருந்தனர். அதனால் பின்னர் அவர்களுக்கெனத் தனியான தேசியத் தரவுத் தொகுப்பை உருவாக்கினர்.

இங்கும் முயற்சியே இல்லை என்று கூறிவிட முடியாது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை, குழந்தைப் பருவத்தில் புற்றுநோயிலிருந்து மீண்டவர்களைத் தொடர்ந்து கண்காணிக்க 1991-லேயே தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியது. அப்படி மீண்டவர்களே ஒன்றுகூடி, இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆதரவில் 2009-இல் 'உகம்' என்ற அமைப்பை ஏற்படுத்தினர். குழந்தைப் புற்றுநோய் மருத்துவர்களின் கூட்டமைப்பு, பல மருத்துவமனைகளை இணைத்து, மீண்டவர்களைப் பதிவு செய்யும் ஆய்வையும் மேற்கொண்டுள்ளது. இவை யாவும் தனி மனிதர்களின் அக்கறையாலும் நன்கொடையாலும் நடப்பவை. அரசுத் திட்டமாக உருவெடுக்கவில்லை.

அரசுத் திட்டங்கள் எங்கே தவறவிடுகின்றன?: மார்பில் கதிர் பெற்ற பெண், இருபத்தைந்து வயதிலோ சிகிச்சை முடிந்து எட்டு ஆண்டுகள் கழித்தோ, இதில் எது பிந்தியதோ அப்போதிலிருந்து ஆண்டுதோறும் மார்பகப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பது சர்வதேச வழிகாட்டு நெறி. எம்.ஆர்.ஐ. ஸ்கேன், மேமோகிராம் ஆகியவை அதற்கான கருவிகள். மத்திய அரசின் 2016-ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, பொதுமக்களுக்கான மார்பகப் பரிசோதனை தொடங்குவது முப்பது வயதில். அதுவும் ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை, சுகாதாரப் பணியாளர் கையால் தொட்டுப் பார்க்கும் முறையில். பதினைந்து வயதில் கதிர் பெற்ற பெண்ணைப் பொருத்தவரை, ஐந்து ஆண்டுகள் தாமதமாகத் தொடங்கி, ஐந்தில் நான்கு ஆண்டுகளைத் தவறவிட்டு, கருவியும் இல்லாமல் நடக்கும் பரிசோதனை அது.

2018 செப்டம்பரில் தொடங்கப்பட்ட 'ஆயுஷ்மான் பாரத்' காப்பீட்டுத் திட்டம், குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழங்குகிறது. கதிர்வீச்சுச் சிகிச்சைக்குக் கட்டணம் செலுத்த முடியாமல் நகையையும் நிலத்தையும் விற்ற குடும்பங்களுக்கு அது பேருதவி. ஆனால் வீடு திரும்பிய பிறகு 15 நாள்கள் வரையிலான செலவையே அது ஏற்கும். ஆண்டுதோறும் வெளிநோயாளியாக வந்து செய்துகொள்ள வேண்டிய ஸ்கேனுக்கு அதில் இடமில்லை. இரண்டாவது புற்றுநோய் முற்றி, படுக்கையில் விழுந்தால் மீண்டும் ரூ.5 லட்சம் கிடைக்கும். முன்கூட்டியே கண்டறிய உதவும் சில ஆயிரம் ரூபாய் கிடைக்காது. நிதி அமைச்சகத்தின் கணக்காளர்களுக்கே உறுத்த வேண்டிய முரண் இது.

கருவி மாறினால் போதுமா?: கதிரைக் குறிதவறாமல் செலுத்தும் நவீன இயந்திரங்கள் வந்துவிட்டதால் இந்தக் கவலை பழங்கதை என்ற வாதம் உண்டு. பாதி சரி. ஹாட்ஜ்கின் நோய்க்கு இன்று 20 முதல் 30 கிரே வரை, நோயுள்ள இடத்துக்கு மட்டுமே கதிர் தரப்படுகிறது. ஆனால் பல கோணங்களிலிருந்து கதிரைச் செலுத்தும் 'ஐ.எம்.ஆர்.டி.' முறையில், கட்டியைச் சுற்றியுள்ள பெரும்பரப்பில் குறைந்த அளவுக் கதிர் படிகிறது. அதனால் இரண்டாவது புற்றுநோய் ஆபத்து 1 சதவீதத்திலிருந்து 1.75 சதவீதமாக உயரக்கூடும் என எரிக் ஹால் என்ற கதிரியல் அறிஞரும் அவரது சக ஆய்வாளரும் 2003-லேயே எச்சரித்தனர்.

குறித்த ஆழத்தில் நின்றுவிடும் புரோட்டான் கதிர், குழந்தைகளுக்கு ஏற்றதாகக் கருதப்படுகிறது. நாட்டின் முதல் புரோட்டான் மையம் 2019-இல் சென்னையில் தனியார் துறையில் திறக்கப்பட்டது. நவி மும்பை கார்கரில் உள்ள டாடா நினைவு மையத்தின் புரோட்டான் பிரிவு 2023-இல் நோயாளிகளை ஏற்கத் தொடங்கியது. 140 கோடி மக்களுக்கு இவை எம்மாத்திரம்? பத்து லட்சம் பேருக்கு ஒரு கதிர்வீச்சு இயந்திரம் என்ற உலக அளவுகோலின்படி பார்த்தால், சாதாரண இயந்திரங்களே இங்கே தேவையில் பாதியளவுதான் உள்ளன. மாவட்டத் தலைநகரில் கோபால்ட் இயந்திரத்துக்காக வாரக்கணக்கில் காத்திருப்பவரிடம் முப்பது ஆண்டுக்குப் பின் வரும் ஆபத்தைப் பேசுவது ஆடம்பரமாகத் தோன்றலாம். ஆனால் கோப்பைப் பாதுகாக்கப் புரோட்டான் இயந்திரம் தேவையில்லை. கதிர் பட்ட இடம், அளவு, தேதி ஆகிய மூன்றையும் ஒரு பக்கத்தில் எழுதி, முத்திரையிட்டு நோயாளியின் கையில் கொடுக்க எந்த மருத்துவமனையாலும் முடியும்.

நிலைக்குழு சொன்னது: ராம்கோபால் யாதவ் தலைமையிலான சுகாதாரத் துறை நாடாளுமன்ற நிலைக்குழு, புற்றுநோய் குறித்த தனது 139-ஆவது அறிக்கையை 2022 செப்டம்பரில் அளித்தது. புற்றுநோயை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாக அறிவிக்க வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. கொரோனா தடுப்பூசிக்கு உருவாக்கிய 'கோவின்' போன்ற ஓர் இணைய ஏற்பாடு புற்றுநோய்க்கும் தேவை என்றும் குழு கூறியது. புற்றுநோய் தொற்றுநோய் அல்ல என்பது மத்திய அரசுத் தரப்பின் தயக்கம். ஆயினும் பல மாநில அரசுகள் தாமாகவே அவ்வாறு அறிவித்துள்ளன. 2021-இல் தொடங்கிய தேசிய எண்ம சுகாதார இயக்கத்தின் கீழ் கோடிக்கணக்கானோருக்குச் சுகாதார அடையாள எண் வழங்கப்பட்டுள்ளது. கதிர்வீச்சு விவரத்தை அந்த எண்ணுடன் இணைத்தால், பிகானீர் கோப்பு பதிண்டாவில் திறக்கும். 2025 பிப்ரவரி பட்ஜெட்டில், மூன்று ஆண்டுகளுக்குள் எல்லா மாவட்ட மருத்துவமனைகளிலும் புற்றுநோய்ப் பகல்நேரச் சிகிச்சை மையங்கள் அமைக்கப்படும் என நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். அவற்றின் பணிப் பட்டியலில் மீண்டவர்களின் கண்காணிப்பையும் சேர்ப்பதற்குப் புதிய கட்டடம் தேவைப்படாது.

குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு 1984 முதல் தில்லி எய்ம்ஸ், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் மையம் ஆகிய மூன்றிலும் 'எம்.சி.பி.-841' என்ற ஒரே சிகிச்சை முறை பின்பற்றப்பட்டது. மூளைக்கு நோய் பரவாமல் தடுக்கத் தலைக்குக் கதிர் செலுத்துவதும் அதில் அடங்கும். அதுவரை கைவிடப்பட்டவர்களாகக் கருதப்பட்ட நூற்றுக்கணக்கான குழந்தைகள் அதனால் பிழைத்தனர். அன்று பத்து வயதில் அந்தச் சிகிச்சையைப் பெற்றவர் இன்று ஐம்பதைக் கடந்திருப்பார். தலையில் பட்ட கதிரால் உண்டாகும் மூளையுறைக் கட்டிகள் பெரும்பாலும் இருபது ஆண்டுகளுக்குப் பிறகே தெரியவருபவை. அவருடைய தலைவலிக்கு மாத்திரை எழுதிக் கொடுக்கும் உள்ளூர் மருத்துவரின் மேசையில் அந்தப் பழைய சீட்டு இல்லை.